குடிக்காத காபியும் ஆறு இசைப் பாடங்களும்

இர்பித்,
10 அக்டோபர் 1998

அன்புள்ள லுப்னாவின் அப்பாவுக்கு,

உங்கள் மீது அமைதி உண்டாகட்டும். நேற்று மாலை நம் முன்னறையில் இருந்தவர்கள்: உங்கள் இடத்தில் உங்கள் அண்ணன் நாயிஃப், பெண் கேட்டு வந்த பதினொரு ஆண்கள், மாப்பிள்ளை மாஸினும் பேச வந்த அவன் பெரியப்பா அபூ கல்தூனும் உட்பட. கதவுக்கு இந்தப் பக்கம் நானும் நம் மகளும். வேறு யாருமில்லை. அங்கே இல்லாதவர்கள் சொல்வதை நம்பாதீர்கள்.

அண்ணன் காபி கொடுத்தார். அபூ கல்தூன் வழக்கப்படி கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தார். "கேட்டதைக் கொடுத்தாத்தான் குடிப்போம்" என்று சொல்லிப் பெண் கேட்டார். அதுவரை சரி. பிறகு தொடர்ந்தார்:

"இன்னொண்ணு. பொண்ணு மின் பொறியியல் படிக்கிறா, பெருமைதான். கூடவே இசைத் துறையில ஆறு பாடம் எடுத்திருக்காளாமே? அதனால அரை வருஷம் வேற கூடுதாம். அதை விட்டுடணும். எங்களுக்கு எஞ்சினியர் மருமக போதும், ஊத் வாத்தியம் வாசிக்கிறவ வேணாம்."

"இதெல்லாம் ஒரு விஷயமா? நீங்க குடி..." என்று அண்ணன் ஆரம்பித்தார். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

"நில்லுங்க. அந்தக் கோப்பை என் பொண்ணைக் கேட்டு வெச்சது. அவ படிப்பைக் கேட்டு இல்ல."

மாஸின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க சொல்லுங்க தம்பி" என்றேன். "பெரியப்பா சொல்றதுதான்" என்றான். வாய் எதற்கு, காபி குடிக்க மட்டுமா?

"அப்போ காபி ஆறட்டும்" என்றேன்.

எழுந்து போய்விட்டார்கள். "படிப்புல கை வெச்சா எனக்கு வேணாம்மா" என்று லுப்னா என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். கோப்பைகளை இருவரும் சேர்ந்து கழுவினோம்.

உங்கள் நுஹாத்


குவைத்,
21 அக்டோபர் 1998

நுஹாத்,

உனக்கும் அமைதி உண்டாகட்டும். அண்ணன் தொலைபேசியில் அழுதார். காபி குடிக்காமல் ஒரு கூட்டம் படியிறங்கிப் போனதென்று நம் தெருவில் யாராவது கேள்விப்பட்டதுண்டா?

ஐந்து வேளை தொழுகிறவள் நீ. உனக்கு எதற்கு இந்த இசைப் பைத்தியம்? மின் பொறியியல் போதாதா? இங்கே எல்லோரும் என்னை 'எஞ்சினியரோட அப்பா' என்கிறார்கள். பாட்டுக்காரியின் அப்பா ஆக்கிவிடாதே.

அந்தப் பாடங்களை அவள் விடட்டும். அபூ கல்தூன் வீட்டில் போய் நீ மன்னிப்புக் கேள். அதுவரை அவள் பட்டமளிப்புக்கு என்னை எதிர்பார்க்காதே.

நீ அனுப்பிய ஆலிவ் ஊறுகாய் வந்தது. நன்றாக இருந்தது.

அவ்னி


இர்பித்,
7 நவம்பர் 1998

அன்புள்ள லுப்னாவின் அப்பாவுக்கு,

ஊறுகாய் பிடித்ததில் மகிழ்ச்சி. அடுத்த ஜாடி போட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. போகவும் மாட்டேன்.

நம் பள்ளிவாசலின் மாடியில் பெண்களுக்குக் கேட்பது வெறும் இரைச்சல்தான், உங்களுக்குத் தெரியும். இமாம் எதற்காக வேண்டுகிறார் என்றே தெரியாமல் இருபது வருடமாக 'ஆமீன்' சொல்லியிருக்கிறோம். சென்ற வாரம் இமாமிடம் கேட்டுக்கொண்டு லுப்னா மாடிக்குப் போனாள். கையைத் தட்டித் தட்டி எதிரொலியைக் கேட்டாள். ஒலிபெருக்கியைச் சுவர்ப் பக்கத்திலிருந்து திருப்பினாள். பின்சுவரில் பழைய கம்பளங்களைத் தொங்கவிட்டாள். "இசைத் துறையில முதல் பாடமே இதுதாம்மா, சத்தம் எங்க மோதி எங்க திரும்புதுன்னு" என்றாள்.

நேற்று வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பக்கத்தில் இருந்த உங்கள் அண்ணி, "இவ்ளோ நாளா இதையா சொல்லிட்டிருந்தாரு?" என்று அழுதாள்.

ஊத் வாசிக்கவும் கற்கிறாள், மறைக்கவில்லை. அல்லாஹ்விடம் வழி கேட்டுத் தொழுதேன். அதற்கு எதிராக என் மனம் திரும்பவில்லை.

என்னை நான்காம் வகுப்போடு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கற்றதெல்லாம் குர்ஆனை மடியில் வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல், நானே சேர்த்துக்கொண்டது. இவளுக்கோ எஞ்சினியர் படிப்போடு வேண்டியதைச் சேர்த்துக்கொள் என்று பல்கலைக்கழகமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதை நானா சாத்துவேன்? கூடும் அரை வருடத்தின் செலவை வீட்டுக் கணக்கில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மீதிப் பாடங்களுக்கும் அவள் பெயர் கொடுத்துவிட்டாள். உங்கள் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. பட்டமளிப்பு மண்டபத்தில் பெற்றவர்களுக்கென்று இரண்டு நாற்காலி தருவார்கள். ஒன்றில் நான் உட்காருவேன். மற்றதில் நீங்களா, உங்கள் அண்ணியா?

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

நுஹாத்