பெட்டிமேல் ஏறிய தூக்குவாளி

உத்தமபாளையம் வாழ் பெருமக்களுக்கும், குறிப்பாக என் அம்மாவுக்கும் ஸலாம். நம் வீட்டுத் தூக்குவாளி ஒரு கம்பெனியின் அட்டைப்பெட்டிமேல் படமாக வரப்போகிறது என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். எல்லாம் உங்கள் மகன் கைவண்ணம்.

அத்தாவுக்கு மூட்டுவலி தேவலையா? கோயம்புத்தூரில் நான் சுகம்.

இன்னும் செய்யாத பாத்திரத்தைக் கம்ப்யூட்டரில் போட்டோ மாதிரியே உருவாக்குவதுதான் இங்கே எனக்குப் பயிற்சி. அந்தக் கம்பெனி கொண்டுவரும் புது எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றுக்கு நானும், கூடப் படிக்கும் பிரணவும் ஆளுக்கொரு படம் செய்தோம். பயிற்சி தரும் மேடம் எதற்கெடுத்தாலும் "பிரணவைப் பாரு" என்பார்கள். பார்த்துப் பார்த்தே எனக்கு வயிறு எரிகிறது.

இதில் நீங்கள் கொடுத்தனுப்பிய தூக்குவாளியையே மாதிரிக்கு வைத்துக்கொண்டான் அவன். பொறுக்காமல், அவன் பார்த்துப் படத்தில் கொண்டுவர நினைத்த கறையும் தழும்பும் இல்லாமல் போகட்டும் என்று வாளியைக் கம்பி நாரால் தேய்த்துவிட்டேன்.

"டேய் ஆஷிக், நீ பாத்திரமெல்லாம் வெளக்குவியா?" என்றான்.

"எங்க ஊர்ல ஆம்பளைகதான் வெளக்குவாக" என்றேன்.

இங்கே வரும் பஸ்ஸில் எள்ளுப்பொடி கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மெஸ் இல்லை, பேச ஆளும் இல்லை. பிரணவுக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

மேடம் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். பெட்டிமேல் வருவது பிரணவ் செய்த படம், அம்மா. என்னுடையது பிளாஸ்டிக் வாளி மாதிரி வழவழவென்று இருந்ததாம். அவனுடையதில் வெளிச்சம் பட்ட இடத்தில் மெல்லிய வட்டக் கோடுகள் மின்னின. "இதுதான்டா எவர்சில்வர்" என்றார்கள் மேடம். அந்தக் கோடெல்லாம் நான் கம்பி நாரால் தேய்த்ததில் விழுந்தவை. அத்தாவிடம் மட்டும் நான் செய்த படம் என்றே சொல்லிவையுங்கள்.