துரை பங்களாவில் உங்களைத் தேடினேன், அப்பா

என் அன்பு அப்பாவுக்கு, ஆண்டவர் உங்களை எங்கே வைத்திருந்தாலும் அங்கே இது கிடைக்கட்டும்.

போன சனிக்கிழமை நான் துரை பங்களாவில் தங்கினேன். மாடியில், துரை படுத்த அறையில். நீங்கள் நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள். செம்பவாங் பக்கம் நீங்கள் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டம், இந்த எண்பதுகளில் சிங்கப்பூர்ப் பணக்காரர்கள் ஓய்வெடுக்கும் ரிசார்ட் ஆகிவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் நின்ற பின்வாசலில், வருகிறவர்களுக்குப் புதினா போட்ட எலுமிச்சைச் சாறு கொடுக்கிறார்கள்.

உல்லாசத்துக்குப் போகவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து தோ பாயோ வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு ஒரே ஆசை. எழுபதுகளின் தொடக்கத்தில் உங்களைப் புதைத்தோமே, அந்தத் தோட்டத்துக் கல்லறையில் உங்கள் பக்கத்தில் படுக்க வேண்டும். வேலி போட்டு அடைத்த பிறகு, கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றக்கூட எங்களை உள்ளே விடவில்லை. விருந்தினருக்கு மட்டும்தான் அனுமதி. சரி, விருந்தினராகவே போவோம் என்று நானும் உங்கள் மருமகள் ஸ்டெல்லாவும் இந்த வருடத் திருநாளுக்கு ஓர் அறை எடுத்தோம். பெட்டியில், நீச்சல் உடைக்கு அடியில், மெழுகுவத்திக் கட்டு.

நாம் எல்லாரும் நெருக்கியடித்துப் படுத்த லயத்து வீட்டுக்கு ஏர்கான் வைத்து, 'தொழிலாளர் குடில்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பங்களாவைவிட அதற்குத்தான் கிராக்கியாம். பழமையை அனுபவிக்க வருகிறார்களாம். எந்தப் பழமையை? மழையில் கூரைத் தகரம் பறக்காமல் நீங்கள் பிடித்துக்கொண்டு நின்றதையா?

எங்களுக்குச் சுற்றிக் காட்டியவன் குமார் என்ற நம்ம பிள்ளை. பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை. பழைய பங்களா வேலையாள் வேஷம். மேட்டில் இருந்த பளிங்குக் கற்களின் முன்னால் பெருமையாக நின்றான்.

"இதான் சார் இங்க ஃபேமஸ். தொரையோட நாய்ங்கள பொதச்ச எடம். கல்லு எல்லாம் ஒரிஜினல் லா. வாராவாரம் பாலிஷ் போடுறோம்."

"மனுசங்கள எங்க பொதச்சாங்க, தம்பி?"

"மனுசங்களா? எந்த மனுசங்க சார்?"

கேலி இல்லை, அப்பா. உண்மையாகவே தெரியாமல் கேட்டான். மேட்டுக்குக் கீழே, உங்களுக்கு மரச்சிலுவை நட்ட சரிவில், கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் பண்பானவர். தேநீர் கொடுத்து விளக்கினார். இடம் கைமாறியபோதே எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டார்களாம். உறவினர்கள் வரலாம் என்று ஆங்கிலப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்களாம். யாரும் வரவில்லையாம். பால்மரம் வெட்டுகிறவர்கள் ஆங்கிலப் பத்திரிகை படிக்காமல் இருந்தது பெரிய அலட்சியம்தான். எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டார்களாம். எல்லாம் முறைப்படி.

எரிப்பது நமக்கு ஆகாது, உயிர்த்தெழும் நாளில் எலும்பாவது வேண்டாமா என்று பங்குச் சாமியாரிடமே வாதாடியவர் நீங்கள். இப்போது என்ன செய்யப்போகிறீர்கள்?

சாயங்காலம் அந்தச் சரிவில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றினேன். வேறு எங்கே ஏற்றுவது? ஸ்டெல்லா செபத்தை முடிப்பதற்குள் குமார் ஓடிவந்தான். அணைக்கச் சொல்வான் என்று நினைத்தேன்.

"நல்ல ஐடியா லா சார்! மேல கெஸ்ட்டுங்க பாத்துட்டு, அவங்க டின்னர் டேபிளுக்கும் இதே மாதிரி வேணுங்கிறாங்க. இன்னும் வச்சிருக்கீங்களா?"

"குடுத்துருங்க," என்றாள் ஸ்டெல்லா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்கயாச்சும் எரியட்டும்."

கொடுத்துவிட்டேன். மேசைக்கு மேசை எரிந்தது. நம் தோட்டத்தில் கல்லறைத் திருநாள் அவ்வளவு வெளிச்சமாக நடந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பாத்தியாடா? அப்பா பக்கத்துல எடம் இருக்கா?"

"இருக்கும்மா."

"நெருக்கமா இருக்குமோ?"

"இல்லம்மா. நெறைய எடம்."

அதன் பிறகு நிம்மதியாகத் தூங்கினார். நான் சொன்னது பொய்யா, அப்பா?

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். அந்த நேரம் வரும்போது அம்மாவை எரித்து, படகில் ஏற்றி, நானே உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பேன். சாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அம்மாவிடம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கட்டிலருகிலிருந்து,
உங்கள் மூத்த மகன்