ஊசியும் சம்மதமும்

2024 ஜனவரி 17

இன்றும் விழுந்தேன். இது மூன்றாவது தடவை.

லேப்பில் ரத்தம் எடுக்கும் சத்தியபாய் அக்கா என் கையில் ரப்பர் நாடாவைக் கட்டியது வரை நினைவிருக்கிறது. ஸ்பிரிட் பஞ்சு தோலில் பட்டுக் குளிர்ந்தது. அடுத்துக் கண்ணில் தெரிந்தது மேசையின் அடிப்பக்கம். தாடை கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். "ரெண்டு தையல் போடணும் மக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். தையல் என்றால் அதற்கும் ஊசி. எழுந்து வந்துவிட்டேன். பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்.

நாள் முழுக்க அலுமினியம் அறுக்கிறவன் நான். பிளேடு பட்டுப் பெருவிரல் பிளந்த அன்றுகூடத் துணியைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் சட்டத்தை முடித்துக் கொடுத்தேன். ரத்தம் எனக்கு ஒன்றுமில்லை. ஊசிதான்.

என் கூடப்பிறந்த லிஜா அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் நெய்யாற்றின்கரையில் டயாலிசிஸ். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் எடுக்க முடியாது. சானு அத்தானின் ரத்த வகை சேரவில்லை. மிச்சம் அவள் தம்பி நான் மட்டும். ஒரே வகை ரத்தம். பொருத்தம் பார்க்க என்னிடம் கேட்பது மூன்று குழாய் ரத்தம். அதையே கொடுக்க முடியாதவன் கிட்னியை எப்படிக் கொடுப்பான்?

ஜனவரி 19

கிட்னி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஸ்ரீகுமாரி, மனநல நிபுணர், நெய்யாற்றின்கரை ஆலும்மூடு. "ஹிப்னோதெரபி செய்வாங்க, போய்ப் பாரும்."

ஹிப்னோடிசமா? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு மேஜிக்காரன் வந்தான். டெய்லர் ஒருவரை மேடையில் ஏற்றி நாய் மாதிரிக் குரைக்க வைத்தான். அந்த மனிதர் அப்புறம் ஊரில் தலைநிமிர்ந்து நடக்கவே இல்லை.

என் மனைவி ஷீனா சீட்டை வாங்கிப் படித்தாள். சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தாள். "மயக்கத்துல வெச்சு கையெழுத்து வாங்கிருவாங்க. நீங்க தெளியும்போ கிட்னி இருக்காது. பொறவு பட்டறைய யாரு பாக்கது? நானா?"

அம்மாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "போ மக்கா. நாளைக்கே போ."

ஜனவரி 24

கீழே ஜூஸ் கடை, மாடியில் ஸ்ரீகுமாரி டாக்டரின் அறை. சங்கிலியில் ஆடும் கடிகாரம் இல்லை. கறுப்புத் திரை இல்லை. ஒரு சாதாரண நாற்காலி, ஒரு மேசை, தண்ணீர் பாட்டில். டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். மலையாளத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

இன்று ஒன்றும் செய்யவில்லை, கேள்விதான். எப்போது முதல், எத்தனை தடவை, விழுவதற்கு முன் என்ன தெரியும். நான் கேட்க நினைத்ததெல்லாம் வழியிலேயே மறந்துபோய் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"என்னைத் தூங்க வெப்பீங்களா?"

"இல்ல. முழிச்சுத்தான் இருப்பீங்க. நான் சொல்லுறது எல்லாம் கேட்கும். பிடிக்கலைன்னா எழுந்து போகலாம்."

"உள்ள இருக்கிற ரகசியம் வெளிய வந்துருமா?"

சிரித்தார். "நீங்க சொல்ல நெனைச்சாத்தான் வரும். பொய் சொல்லணும்னு நெனைச்சா அதுவும் சொல்லலாம்."

சின்ன வயதில் ஏதோ நடந்து அது உள்ளே புதைந்திருக்குமோ, அதைத் தோண்டி எடுப்பாரோ என்றும் பயந்தேன். அது வேண்டாம் என்றார். தோண்டினால் நடக்காதது கூட நடந்த மாதிரி நினைவில் வந்து நிற்குமாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே பயத்தைக் குறைக்கலாமாம்.

வெறும் கையோடு திரும்பின மாதிரி இருந்தது.

ஜனவரி 31

இதை உடனே எழுதாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

கண்ணை மூடச் சொன்னார். மூச்சை எண்ணச் சொன்னார். கீழே மிக்சி ஓடும் சத்தம், பஸ் ஹாரன், எல்லாம் கேட்டது. மயக்கம் இல்லையே, பிறகென்ன வைத்தியம் என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்புகூட. வலது கை லேசாகிறது, அதன் கீழே யாரோ காற்று ஊதுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். நினைத்தேன். அவ்வளவுதான்.

கை எழுந்தது.

நான் தூக்கவில்லை. தூக்காமலும் இல்லை — எப்படி எழுதுவது? முதலில் சுண்டுவிரல் துடித்தது. பிறகு மணிக்கட்டு. முழங்கை நாற்காலிக் கையை விட்டு மேலே வந்தது. இருபது வருடம் மெஷின் பிடித்த கை, காய்ப்பு ஏறின கை, ஈரத்துணி காற்றில் உயருகிற மாதிரி மெல்ல உயர்ந்தது. நான் உள்ளே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோவிலில் நிற்கும்போது வராத ஒரு அமைதி. பயம் எங்கே போனது என்று தேடக்கூடத் தோன்றவில்லை.

நடுவில் ஒரு குறும்பு தோன்றியது. இவர் சொல்வதை மீறிப் பார்ப்போமே? கண்ணைத் திறந்தேன். திறந்தது! ஸ்ரீகுமாரி டாக்டர் என்னைப் பார்த்து, "வந்துட்டீங்களா? சரி. வேணும்னா திரும்பப் போகலாம்" என்றார். திரும்பக் கண்ணை மூடினேன். நானாகத்தான் மூடினேன்.

பஸ்ஸில் வரும்போது இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 2

சாப்பிடும்போதும் கையையே பார்க்கிறேன். ஷீனா, "மோதிரம் தொலைஞ்சா?" என்கிறாள்.

பிப்ரவரி 7

இன்று டாக்டர் ஆரம்பிக்கும் முன்பே சொன்னார்: "உங்க அம்மா போன் பண்ணினாங்க. உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன்."

அம்மா கேட்டது இதுதான். ஊசிப் பயத்தோடு சேர்த்து, கிட்னி கொடுக்கிற எண்ணத்தையும் என் மனதில் போட்டுவிட வேண்டும். "அவன் மயங்கிக் கெடக்கும்போ ரெண்டு வார்த்த சொல்லிருங்க டாக்டரே. அவனுக்குத் தெரியவே வேண்டாம்."

டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம்: அப்படிச் சொன்னாலும் அவர் மனம் எடுக்காது, எடுக்கும் என்றாலும் நான் சொல்லமாட்டேன்.

அம்மா ஆசைப்பட்டதுக்கும் ஷீனா பயந்ததுக்கும் அடியில் இருந்தது ஒரே நம்பிக்கை.

எனக்கோ — இங்கே எழுதலாம், யார் படிக்கப்போகிறார்கள் — அம்மா சொன்னது நடக்காது என்று கேட்டபோது ஏமாற்றம். யாராவது என்னை மயக்கி, என்னைக் கேட்காமல் என்னைச் சம்மதிக்க வைத்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நானும் நினைத்திருக்கிறேன். கண் திறக்கும்போது எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று.

பிப்ரவரி 16

விழுந்தேன். திரும்பவும். நாலு வாரம் போயி, கை எழும்பி, கண்ண மூடி — எல்லாம் சும்மா! சத்தியபாய் அக்கா ஊசிய எடுக்கல்ல, கவர கிழிச்சாங்க, அவ்வளவுதான், காது அடச்சுது. என்னத்துக்கு இந்த ஆட்டம் எல்லாம்? அலுமினியம் அறுக்கியவனுக்கு என்னத்துக்கு ஹிப்னோசிஸ்? நாலாவது தடவ. லிஜா அக்கா முகத்துல எப்பிடி முழிப்பேன்?

பிப்ரவரி 21

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஷீனாதான், "பாதியில விட்டா பொறவு வாழ்க்க பூரா நெனைப்பீங்க" என்று பஸ் ஏற்றிவிட்டாள். அவளா சொன்னாள் என்று இன்னும் நம்ப முடியவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. "நாலே வாரத்துல மாத்த நான் மந்திரவாதி இல்ல. அதோட, தப்பு எனக்கும் உண்டு" என்றார். சிலருக்கு ஊசியைக் கண்டதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குமாம். அவர்களுக்கு உடம்பைத் தளர்த்துவது மட்டும் போதாது. மனதை அமைதியாக்கிவிட்டு, ஊசி வரும்போது தொடையையும் வயிற்றையும் மற்றக் கையையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். முகம் சூடாகும்வரை இறுக்கம், பிறகு கொஞ்சம் விடுதல், திரும்ப இறுக்கம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை பழக வேண்டும். அவர் குரலைப் போனில் பதிந்து கொடுத்தார், தினமும் கேட்க.

மார்ச் 9

மூன்று குழாய்.

படுத்துக்கொண்டேன். போனில் கேட்டுப் பழகின அந்தக் குரலை மனதில் ஓட்டினேன். தொடையை இறுக்கினேன். சத்தியபாய் அக்கா, "பாக்காதே மக்கா" என்றார். பார்த்தேன். ஊசி போனது. வலித்தது, எறும்பு கடிக்கிற அளவுக்கு. கண்ணாடிக் குழாய்க்குள் என் ரத்தம் தானாக ஏறி வந்தது, கறுஞ்சிவப்பு, நுரையோடு. நான் அங்கேயே இருந்தேன். கூரை கூரையாகவே இருந்தது.

"முடிஞ்சா?" என்று கேட்டேன். முடிந்து ரெண்டு நிமிஷம் ஆகியிருந்தது. அக்கா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. என்ன இது, இந்த உடம்புக்குள் இப்படி ஒரு இடம் முப்பத்தேழு வருடமாக இருந்திருக்கிறதா என்றுதான் மனதில் ஓடியது.

மார்ச் 27

பொருத்தம். நல்ல பொருத்தம் என்று கிட்னி டாக்டர் போன் செய்தார். அம்மா ஜெபம் செய்தாள். அத்தான் என்னைக் கட்டிப்பிடித்தார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 3

ஸ்ரீகுமாரி டாக்டரிடம் நேராகச் சொன்னேன். "ஊசிப் பயம் போச்சு. இப்ப கொடுக்கப் பயமா இருக்கு. ஆபரேஷனுக்குப் பயம், பட்டறைக்குப் பயம், ஒரு கிட்னியோட இருக்கப் பயம். இதையும் எடுத்துருங்க."

"இதை எடுக்க மாட்டேன்" என்றார்.

"முடியாதா?"

"ஊசியில நீங்க விழுந்தது உங்க கையில இல்லாத விஷயம். அதுக்கு உதவி செய்தேன். இது நீங்க யோசிக்கிறது. பயம் உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்குது. பதில் சொல்லுங்க, ஆமான்னோ இல்லன்னோ. இல்லன்னு சொன்னாலும் நான் உங்களைத் தப்பா நினைக்க மாட்டேன்."

இன்று கண்ணை மூடவே இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு இறங்கி வந்தேன். கோபமாக வந்தது. ஆலும்மூட்டில் மூன்று பஸ்ஸை ஏறாமல் விட்டேன்.

ஏப்ரல் 4

இத்தனை நாள் ஊசிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே ஆரியங்கோட்டில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நேற்று டயாலிசிஸ், அந்தக் களைப்பு. அத்தான் வெயிலில் காயும் ரப்பர் ஷீட்டைத் திருப்பிப்போட வெளியே போனதும் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நான் விழுந்தது பொய்யில்ல. ஆனா விழும்போ ஒரு நிம்மதியும் இருந்துது. இனி என்னக் கேக்க மாட்டாங்கண்ணு."

அவள் தலையணையை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "எனக்குந்தான்" என்றாள்.

"என்னது?"

"எலே, ஒனக்கு மனசில்லண்ணா நான் ஒன்ன வெறுக்கணும். வெறுத்தா பொறவு எனக்கு யாரு உண்டு? நீ விழுந்தாண்ணு கேக்கும்போ எல்லாம் நான் ஊசியையாக்கும் வெறுத்தது. ஒன்ன வெறுக்க வேண்டாமேண்ணு."

இருவரும் அந்த ஊசியைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம், இரண்டு பக்கமும். அவள் முகத்தைப் பார்த்தேன். வீங்கிய கண் இமை, என் அக்கா. இவளிடம் நான் இதுவரை ஒரு உண்மையும் பேசியதில்லை என்று தோன்றியது.

"வேண்டாம்ணா வேண்டாம்லே. நேரா சொல்லு. நான் தாங்குவேன்" என்றாள்.

உடனே பதில் சொல்லவில்லை. சொல்லாமல் வந்ததுதான் நல்லது.

ஏப்ரல் 22

பதினைந்து நாள். பட்டறையில் தனியாக இருந்தேன். கிட்னி டாக்டரிடம் போய் ஆபத்துகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதிவந்தேன். பயம் போகவில்லை. ஆனால் காலையில் கதவுக் கீல் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, கொடுக்கப்போகிறேன் என்பது முடிவாகியிருந்தது. எப்போது முடிவானது என்று தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. மெஷின்கூட ஓடவில்லை அப்போது.

ஷீனாவிடம் சொன்னேன்.

மே 2

ஷீனா என்னைச் சோதிக்கிறாள். முதலில் காப்பி குடிக்கும்போது கேட்டாள்: "குடுக்கணுமா?" ஆமாம் என்றேன். நாலு நாள் கழித்து பட்டறைக்கு வந்து, கட்டர் ஓடும் சத்தத்துக்கு மேலே கத்தினாள்: "குடுக்கணுமா?" ஆமாம் என்று கத்தினேன். இன்று எங்களுக்குள் பெரிய சண்டை, வேறு விஷயத்துக்கு. நடுவில் நிறுத்திக் கேட்டாள். "ஆமாண்ணு எத்தன தடவ சொல்லணும்!" என்று எரிந்து விழுந்தேன்.

"சரி. தெளிஞ்சுதான் இருக்கீங்க. நானும் எங்க கையெழுத்துப் போடணும்ணு சொல்லுங்க" என்றாள்.

ஜூன் 12

திருவனந்தபுரம். மழை. ஆஸ்பத்திரிக் குழுவின் முன்னால் என்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். மூன்று பேர், ஒரு கேமரா. அம்மா, ஷீனா, அத்தான் எல்லாரும் வெளியே.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

அம்மாவின் போனை நினைத்தேன். மயக்கிவிடுங்கள் என்று நானே ஆசைப்பட்ட நாளை நினைத்தேன். என் வலது கை மேசைமேல் கிடந்தது. இந்த உலகத்தில் யாராலும் அந்தக் கையை நான் விரும்பாத இடத்துக்கு நகர்த்த முடியாது என்பது அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டரை மாதம் ஸ்ரீகுமாரி டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து நான் கற்றது ஊசியைப் பற்றி இல்லை.

"இல்ல சார். பயம் உண்டு. ஆனா கட்டாயம் இல்ல" என்றேன்.

ஜூலை 10

நாளை காலை ஆபரேஷன். கையில் டிரிப் ஊசி இருக்கிறது. நான்தான் கையை நீட்டினேன்.

ஜூலை 13

வலி. எழுத முடியவில்லை. இருவரும் உயிரோடு இருக்கிறோம்.

ஜூலை 17

வீட்டுக்கு வந்து இரண்டாவது நாள். இருமினால் தையல் இழுக்கிறது. ஷீனா பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் மூன்று மாதம் பொறுக்கச் சொல்லுகிறாள்.

மத்தியானம் அக்காவின் போன். இன்னும் தனி அறையில்தான் வைத்திருக்கிறார்கள்.

"எலே ஜிபினே, ஒண்ணுக்குப் போக வெச்ச டியூப எடுத்துட்டாங்க."

"வலிக்கா?"

"வலி கெடக்கட்டு. நீ கேளு. நானே பாத்ரூமுக்கு நடந்து போனேன். நானே ஒண்ணுக்குப் போனேன் லே. சத்தம் கேட்டுது!"

இரண்டு வருடமாக அவளுக்கு ஒரு சொட்டும் போனதில்லை. எனக்குள் நான் அறியாமலே கிடந்த ஒன்று, அங்கே அவளுக்குள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. பின்னால் நர்ஸ் ஏசுவது கேட்டது. அளக்கிற பாத்திரத்தில் போகச் சொன்னேனே சேச்சி, எவ்வளவு என்று நான் என்ன எழுதுவேன் என்று.

அக்கா போனை வைக்காமலேயே நர்ஸிடம் சொன்னாள்: "கோபப்படாதே சிஸ்டரே. இனியும் வரும். இனியும் வரும்."