எங்கேயப்பன்

மார்ச் 3

அருமை மகளுக்கு அப்பா எழுதுவது.

போனில் நான் உன்னைப் பேசவே விடுவதில்லை, எழுதினால்தான் பதில் என்று சொல்லிவிட்டாய். சரி தாயே, பேனாவைத் தேடி எடுத்துவிட்டேன். எழுத்துப் பிழை இருந்தால் என் ஒன்பதாம் வகுப்பு வாத்தியாரைத் திட்டு. அதற்கு மேல் நான் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை.

நீ எழுதும் 'ஆம்பளைன்னா அப்படித்தான்' தொடரை நேற்றும் டிவியில் பார்த்தேன். அந்த எங்கேயப்பன் திறந்த பீரோ முன்னால் நின்று "என் சட்டை எங்கே?" என்று கத்துகிறானே, சட்டை அவன் மூக்கில் இடிக்கிறது! சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்துவிட்டது. எங்கள் பஸ் பணிமனையில் வாரமெல்லாம் உன் பேச்சுதான். "உங்க பொண்ணு எங்க வீட்ல ஒளிஞ்சிருந்து பார்த்திருக்குண்ணே" என்கிறான் வெல்டர். அந்த எங்கேயப்பன் உன் மாமாதானே? முழியே அவன் முழி.

பத்து நாள் என்று வந்த உன் அம்மா மூன்று வாரமாக அங்கேயே இருக்கிறாள். சீக்கிரம் அனுப்பி வை. சர்க்கரை எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

அது மாமா இல்லை, நீங்கள்தான். எல்லாமே அம்மா சொன்னவை. நாங்கள் எழுதும் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். "உங்க வீட்ல எப்படிம்மா?" என்று ஒருத்தர் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "இதுல சிரிக்க என்னடி இருக்கு?" என்றாள்.

சர்க்கரை அடுப்புக்கு நேர் மேலே, சர்க்கரை என்று எழுதிய டப்பாவில்.

மகள்

மார்ச் 14

அன்பு மகளே,

நானா! இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடி முன்னால் போய் முழித்துப் பார்த்தேன். ஆமாம், நான்தான். பணிமனையில் நானே சொல்லிவிட்டேன். வெல்டர் கையெழுத்துக் கேட்டான்.

வாஷிங் மெஷின் போடக் கற்றுக்கொண்டேன். வெள்ளைச் சட்டை எல்லாம் இப்போது ரோஸ். இதையும் எழுதிக்கொள்.

அம்மாவிடம் சொல், என்னை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லட்டும். இங்கே வந்து என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். நான் ஏதாவது வேடிக்கை பேசினால் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் உறுமுகிறது. எப்போது வருகிறாள்?

உன் எங்கேயப்பன்

மார்ச் 19

அப்பா,

அம்மா இப்போது வரமாட்டாள். மார்பில் திரும்பவும் கட்டி. இந்தத் தடவை சாதாரணக் கட்டி இல்லை. 28-ஆம் தேதி ஆபரேஷன். அதற்காகத்தான் இங்கே வந்தாள். உங்களிடம் சொல்லவேண்டாம் என்றாள்.

முதல் கட்டி வந்தபோது நீங்கள் டாக்டரிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "கல்யாணத்துக்கு அப்புறம் இவ சேர்த்து வச்ச ஒரே சொத்து அதுதான் டாக்டர், எடுத்துடாதீங்க." டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தார். எல்லோரும் தன்னையே பார்த்ததால் அம்மாவும் சிரித்தாளாம்.

வராதீர்கள். "அவரு வந்தா வார்டையே சிரிக்க வச்சிடுவாரு. எனக்கு அழணும்டி" என்கிறாள்.

அம்மா கேட்டதால், டாக்டரிடம் நீங்கள் சொன்னதையும் தொடரில் எழுதிவிட்டேன். முப்பதாம் தேதி டிவி போடாதீர்கள்.

மகள்

மார்ச் 22

அம்மாடி,

பயத்தில்தான் அப்படிச் சொல்லியிருப்பேன் என்று எழுத நினைத்தேன். ஆனால் சொன்னதே ஞாபகம் இல்லை. பயந்தேனா என்று எப்படிச் சொல்வது?

வார்டுக்குள் வரமாட்டேன். வெளியே ஏதாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறக்கமாட்டேன். உன் அம்மாவிடம் கேட்டு எழுது. லீவு சொல்லிவிட்டேன்.

அப்பா

மார்ச் 31

மகளுக்கு,

28 போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பாரில்லை.

நேற்று டிவி போட்டேன். வேண்டாம் என்றாய், போட்டேன். டாக்டருக்கு எதிரே எங்கேயப்பன் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அவன் பெண்டாட்டி. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவன் சொன்னதும் சிரித்துவிட்டேன். வயிற்றிலிருந்து வந்த நல்ல சிரிப்பு. அப்புறம்தான் கவனித்தேன், டிவியில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

உன் அம்மா சொன்னது சரி. என்னைக் கூப்பிடாதே.

கண் விழித்தாளா என்று மட்டும் எழுது.

அப்பா