அசைவில்லாத மூன்று மணி நேரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய கூட்டத்திலும் என்னை ‘அக்கா’ என்றாள். மருத்துவர், பொறியாளர், முதியோர் இல்லத்து மேலாளர் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது. வீட்டில் அவள் என் கொழுந்தன் மனைவி, அங்கே எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும். இங்கே நான் இந்த ஆய்வின் புள்ளியியலாளர். அறுபது முதியவர்கள், ஆறு மாதம், ஒவ்வொரு நொடியும் அவர்கள் இடுப்பு பெல்ட் பதிந்த அசைவு, அத்தனையும் என் கணினியில் இருக்கிறது. அவளிடம் இருப்பது ஒரு ரெக்கார்டரும் தலையாட்டலும். சமூகவியலாம். ஊர்க்கதை கேட்பதற்கு ஒரு பட்டம்.

பெல்ட் பொறியாளர் செய்தது. கட்டியிருப்பவர் விழுந்தால் ஊழியர் அறையில் மணி அடிக்க வேண்டும். எல்லா விழுதலையும் பிடிக்கிறதா என்பதுதான் ஆய்வு. இல்லத்துப் பதிவேட்டின்படி விழுந்தவை பதினான்கு, அடித்த மணியும் பதினான்கு. ஒன்றுகூடத் தப்பவில்லை. பகல் நேர உதவியாளர் நால்வரில் இருவரை நிறுத்திவிடலாமா என்று மேலாளர் இப்போதே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அவள் கையைத் தூக்கினாள். “முப்பத்தொண்ணாம் நம்பர் அம்மா தானும் விழுந்தேன்னு சொல்றாங்க. மணி அடிக்கலையாம். உங்க லிஸ்ட்ல அது இல்லையேக்கா.”

எழுபத்தொன்பது வயதுக்காரரின் ஞாபகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறாள்.

“விழுந்தா பெல்ட்டுக்குத் தெரியும். பெல்ட்டுக்குத் தெரியலைன்னா விழலை” என்றேன். பொறியாளர் சிரித்தார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மாமியார் வீட்டில் சாப்பாடு. “சின்னவ அந்தப் பெரியவங்ககிட்ட எவ்வளவு பொறுமையா பேசறா” என்றார் மாமியார். பெரியவளுக்குப் பேசவே வராது என்பது அதன் மறுபாதி. எனக்குப் புரியாதா.

பாத்திரம் கழுவும் இடத்துக்கும் பின்னாலேயே வந்தாள். “அக்கா, அந்த அம்மா தையல்காரங்க. அம்பது வருஷம் அளவெடுத்தவங்க. கூட்டியோ குறைச்சோ சொல்ல மாட்டாங்க.”

“வீட்டுல ஆபீஸ் பேச்சு வேண்டாம்.” குழாயை வேகமாகத் திறந்துவிட்டேன். அவள் புடவையெல்லாம் தெறித்தது. வேண்டுமென்றேதான்.

மார்ச் 14, வெள்ளி

கட்டுரை இதழுக்குப் போயிற்று. பெயர் வரிசையில் நான் மூன்றாவது. அவள் கடைசி.

ஏப்ரல் 8, செவ்வாய்

இதழிலிருந்து பதில். பாராட்டுத்தான். ஒரே ஒரு கேள்வி: தரவிலிருந்து 214 துண்டுகளை ஏன் நீக்கினீர்கள், விளக்கவும். இரண்டு வரியில் முடிகிற வேலை.

அதற்குள் அவள் மூக்கை நுழைத்துவிட்டாள். தையல்கார அம்மாவின் பேட்டியை அப்படியே தட்டச்சு செய்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள். என்னிடம் தனியாகச் சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? சரி, தனியாகவும் சொன்னாள்தான். ஆனாலும்.

பேட்டியில் இருப்பது: “லிஃப்ட் ரிப்பேர் பண்ணாங்களே, அன்னிக்கு. வழுக்கி எல்லாம் விழல. பாத்ரூம்ல கால் மரத்துப்போச்சு. சுவத்தப் பிடிச்சுக்கிட்டே மெதுவா உக்காந்துட்டேன். எழுந்திரிக்க முடியல. மேல தொட்டி நிரம்பி வழியற சத்தம் கேட்டுது, அப்புறம் நின்னுது. கொஞ்ச நேரம் கூப்பிட்டேன். அசைஞ்சா இடுப்புல உயிர் போச்சு. அசையாம இருந்தேன். டீ கொண்டுவந்த பொண்ணுதான் பாத்துச்சு. வேலை போயிடும், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அழுதுச்சு.”

ஆக, இல்லத்துப் பதிவேட்டிலும் இல்லை. சாட்சியே இல்லாத கதை.

அசையாம இருந்தேன். இந்த ஒரு சொல் மட்டும் மீன்முள் மாதிரி நிற்கிறது. போகட்டும்.

ஏப்ரல் 9, புதன்

போகவில்லை.

லிஃப்ட் பழுதுபார்த்தது ஜனவரி 21. என் கோப்பில் அன்று முப்பத்தொன்றாம் எண்ணுக்கு 11.40 முதல் 2.50 வரை எதுவுமே இல்லை. ஏன் இல்லை? நான் எடுத்துவிட்டேன். விதி என்னுடையது: பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அசைவில்லாவிட்டால், பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தத் துண்டை நீக்கு. எழுதும்போது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பொறியாளரிடமிருந்து மூலக் கோப்பை வாங்கினேன். அதில் உடல் சூட்டுக்கென்று ஒரு தனி எண்வரிசை. நம் கேள்விக்குத் தேவையில்லை என்று முதல் வாரமே நான் தூக்கி எறிந்தது. ஜனவரி 21, 11.40: சூடு இருக்கிறது. 12.40: இருக்கிறது. 2.50 வரை இருக்கிறது.

ஆணிக்கு ஏதுடி சூடு?

மூணு மணி நேரம். அந்த அம்மா ஈரத் தரையில உக்காந்திருந்திருக்காங்க. நான் பொத்தானை அமுக்கி அழிச்சிருக்கேன். அழிச்சதோட நிக்காம, விழவே இல்லைன்னு பத்துப் பேர் முன்னாடி சொன்னேன். சொல்லிட்டு நிம்மதியா சாப்பிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

214 துண்டையும் பார்த்தாயிற்று. 205 குளிர்ந்தவை, ஆணிதான். ஒன்பதில் சூடு, ஒன்பதும் வெவ்வேறு பேர்.

மருத்துவரிடம் போனேன். “மத்த எட்டுப் பேர் மதியம் தூங்கியிருப்பாங்க” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“தூங்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த கட்டுரையில பாத்துக்கலாம். இப்போ கலைக்காதீங்க.”

பொறியாளர் பெல்ட்டுக்காகச் சண்டைக்கே வந்துவிட்டார். “அதிர்ச்சி இருந்தாதான் மணி அடிக்கும்னு முதல் நாளே சொன்னேன். மெதுவா உக்காந்தா அதுக்கு எப்படித் தெரியும்? உங்க விதிதான் மறைச்சுது.” உண்மை. உண்மை என்பதால் இன்னும் எரிந்தது. அவர் மேசைமேல் இருந்த கோப்பையை உடைக்கலாம் போல இருந்தது.

மேலாளர் கட்டுரை வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. ஏப்ரல் ஒன்றிலேயே உதவியாளர் இருவரை அனுப்பிவிட்டார். ஒருத்தி அந்த டீ கொண்டுவந்த பெண்.

ஏப்ரல் 11, வெள்ளி

என் கணக்கு தவறு, என் பெயரில் இது வெளிவரக்கூடாது என்று இதழுக்கு எழுதிவிட்டேன். மருத்துவர் போனில் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவளிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். மாமியார் வீட்டு மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். சுருக்கமாக, முகத்தைப் பார்க்காமல்.

“மார்ச்லயே சொன்னேன்” என்றாள்.

அவ்வளவுதான். அக்கா இல்லை. மடித்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

கணவரிடம் புலம்பினேன். “அவ சொன்னது சரின்னா சரிதானே, அதுக்கு ஏன் என்னை முறைக்கறே” என்றார். இவர் ஒருவர் போதும் எனக்கு.

ஏப்ரல் 24, வியாழன்

ஒன்பது பேரிடமும் கேட்டாக வேண்டும். தூக்கமா தரையா என்று எந்த எண்வரிசையும் சொல்லாது. கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒரே காரில் போனோம். ஆளுக்கொரு ஜன்னல்.

வாசலில் சொன்னாள்: “நீங்க குறுக்க பேசாதீங்க. அவங்க சொல்றத எழுதுங்க, போதும்.” பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தையல்கார அம்மா என்னை மேலும் கீழும் அளந்தார்.

“நீங்கதான் நான் விழலைன்னு சொன்னவங்களா?”

“ஆமாங்க.”

“குண்டா இருப்பீங்கன்னு நினைச்சேன்” என்று சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னிப்பு கேட்க வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அது அப்படியே திரும்பி வந்தது.

மற்றவர்களில் ஐந்து பேர் தூக்கம் என்றார்கள். இருவர் தரை என்றார்கள்.

ஒன்பதாவது, பதினேழாம் எண், லாரி ஓட்டியவர். பிப்ரவரி 6, இரண்டு மணி இருபது நிமிடம், சூடு. அவர் படுக்கையில் வேறொருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர் மார்ச் முப்பதாம் தேதி மாரடைப்பில் போய்விட்டாராம். கூட்டம் நடந்த மார்ச் 4 அன்று இருந்தார். கட்டுரையை அனுப்பிய மார்ச் 14 அன்றும் இருந்தார்.

திரும்பும்போது, லாரிக்காரரின் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவளைக் கேட்டேன்.

“தெரியாதுன்னு எழுதுங்க” என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

எழுதினேன். நீக்கவில்லை.