சிவகரந்தை என்று நான் சொன்ன பூ

அக்கா,

இன்று காலை சந்தையில் ஒரு மலாய்க்காரம்மா, பச்சையாகவே தின்கிற பெலுந்தாஸ் இலையைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு கட்டில் பூவும் இருந்தது, வெளிறிய ரோஸ் நிறத்தில். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இலை பாவம், அது என்ன செய்யும்? எனக்கு என்மேல்தான் குமட்டல்.

மெர்டேக்கா வந்து நாடு விடுதலையான சமயம், மலாக்காவில் காஜா பேராங்கில் நாம் பக்கத்துப் பக்கத்து வீடு. நீங்கள் மலாக்காச் செட்டி. பேசுவது மலாய், கும்பிடுவது சிவனை. எங்கள் சின்னக் கோவிலுக்குத் திங்கட்கிழமை தவறாமல் வருவீர்கள். தமிழில் உங்களுக்கு வந்தது நாலைந்து சொல். என்னைக் கூப்பிடும் 'தங்கச்சி' அதில் ஒன்று.

அடுத்து வந்த சிவராத்திரிக்குச் சிவகரந்தை கிடைக்காதா என்று கோவில் பெரியவர்கள் ஏங்கினார்கள். நான் பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்தவள். ஊரில் அறுத்த வயலில் அதைப் பார்த்திருக்கிறேன் என்று பெருமையடித்துக்கொண்டு கிளம்பினேன். சாக்கடையும் கடல்நீரும் கலக்கிற சதுப்பு. செத்த நாய் ஒன்று ஊதிப்போய்க் கிடந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று, இடுப்புயரப் புதரிலிருந்து ஒடித்தேன். நிறம் சரி, காட்டமான வாசனையும் சரி. வேறென்ன வேண்டும்?

மாலையைக் கண்டதும் கோவில் தலைவர், மூக்குப்பொடி ஒழுகும் மூக்கை அதில் புதைத்து, "அடடா, நம்ம ஊரு மணம்!" என்றார். ஆளாளுக்கு முகர்ந்தார்கள். என் தலை கனத்துவிட்டது.

அப்போதுதான் நீங்கள் அர்ச்சனைத் தட்டோடு வந்தீர்கள். ஒரு கொத்தைக் கசக்கிப் பார்த்துச் சிரித்தீர்கள். "அலாமாக், இனி பெலுந்தாஸ் லா, தங்கச்சி! சம்பாலோட மாக்கான்!" இது பெலுந்தாஸ், மிளகாய்ச் சம்பாலோடு தின்கிற இலை என்று மலாயில் சொன்னீர்கள்.

தலைவர் முகம் சுருங்கியது. "சாமிக்கு நாம திங்கிற எலையயா கொண்டாந்தே?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் சொன்னேன்: "தமிழே தெரியாதவங்களுக்கு நம்ம பூவப் பத்தி என்னா தெரியும்?" உங்களுக்குப் புரியட்டும் என்று அதையே மலாயிலும் சொன்னேன்.

நீங்கள் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனீர்கள். "நல்லாக் குடுத்தம்மா" என்றார் தலைவர். நான் இளித்தேன். அந்த இளிப்பை நினைத்தால் இன்றும் பல் தேய்க்கத் தோன்றுகிறது.

அடுத்த திங்கள் நீங்கள் வரவில்லை. அப்புறம் எந்தத் திங்களும் வரவில்லை. வேலியோரம் பார்த்தாலும் உள்ளே போய்விடுவீர்கள். பிறகு மகன் வீட்டுக்குப் போனீர்கள், அங்கேயே இறந்தும் போனீர்கள். சேதி வந்தது. வந்து நிற்க எனக்கு முகமில்லை.

தெரியாமல் பேசிவிட்டாள் என்று நீங்கள் என்னை மன்னித்திருக்கலாம். அதுதான் தாங்க முடியவில்லை. கரந்தை தரையோடு படரும். பூ உருண்டையாக, ஒற்றை ஒற்றையாக நிற்கும். உங்கள் விரலில் இருந்ததோ கொத்துப் பூ. நீங்கள் கசக்கிய அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது, அக்கா. அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.