சொன்ன அழுத்தம், இருந்த அழுத்தம்

12.5.97, திங்கள்

காலையிலேயே வெக்கை. மயக்க மருந்து இயந்திரத்தின் ரப்பர் குழாய்களைச் சோதித்தேன். ஒன்றில் வெடிப்பு. மாற்றச் சொன்னேன்.

வியாழன் கேஸ்: பெருமாள், 54, வாடிப்பட்டி, நெல் மில்காரர். மூக்கினுள் சதை வளர்ந்து மூச்சடைப்பு. டாக்டர் ரவி எண்டோஸ்கோப் விட்டு எடுக்கப் போகிறார். துளி ரத்தம் கசிந்தாலும் பார்க்குமிடமெல்லாம் சிவப்பு. கண்ணும் மூளையும் பக்கத்திலேயே. அதனால் ரத்த அழுத்தத்தை நான் மருந்தால் இறக்க வேண்டும். "எம்பத்தஞ்சுக்குக் கொண்டாந்துருங்க சார். உள்ள காஞ்சு கெடக்கணும்" என்றார்.

பெருமாளுக்குப் பல வருடமாக ர.அ. 170. அப்படிப்பட்டவரை 85க்கு இறக்கினால் மூளைக்கு ரத்தம் போதாது. சந்தேகம் வந்து புத்தகத்தைப் பார்த்தேன். சரிதான். ரவியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவருக்குப் போன் வந்தது. விட்டுவிட்டேன்.

15.5.97, வியாழன்

முடிந்தது. தலைமாட்டை உயர்த்தினேன். நாடியை மெதுவாக்க ஊசி. மயக்கத்துக்கு வாயுவைக் குறைத்து, புரோபோஃபால் சொட்டு சொட்டாக. நாடி 58. ர.அ. 112, அதற்குக் கீழே விடவில்லை. கசிவு அடங்கியது.

"இப்ப எம்புட்டு சார்?" ரவி, லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எம்பத்தஞ்சு" என்றேன்.

112 என்றால் இன்னும் இறக்கச் சொல்வார். மறுக்க எனக்கு வராது. பாதரச மானி என் பக்கம், அவருக்குத் தெரியாது.

"சூப்பர் சார்! பளிங்கு மாதிரி இருக்கு."

பெருமாள் கண் விழித்ததும், "சோறு எப்பங்க தருவீங்க?" அப்பாடா.

17.5.97, சனி

வயிறு சரியில்லை. மோர் மட்டும் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பெருமாளின் அக்கா ராசாத்தி வந்திருக்கிறார். 61 வயது. அதே மூக்குச் சதை. ர.அ. 180. "எந்தம்பிக்குச் செஞ்சாப்லயே செஞ்சு விடுங்கய்யா. அவன் இப்பவே குறட்டை விடாமத் தூங்குறான்."

திங்களன்று ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். என்னை அழைக்கவில்லை. ரவி சொன்னார்: "நீங்க உடம்பப் பாருங்க சார். புதுசா ஒரு மயக்க டாக்டர் வாராரு. எம்பத்தஞ்சுன்னதும் முதல்ல மாட்டேன்னாரு. நூத்தியெழுவது இருந்த ஆளையே நம்ம சார் எம்பத்தஞ்சுல வச்சாரு, ஒண்ணும் ஆகலன்னேன். சரின்னுட்டாரு."

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

18.5.97, ஞாயிறு

சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். ரவி வீட்டுக்குப் போன். அவர் மனைவி: "அலங்காநல்லூர் வரைக்கும் போயிருக்காரு சார். எதும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லம்மா."

19.5.97, திங்கள்

புழுதிக் காற்று. தூக்கமே இல்லை. ஆஸ்பத்திரிக்கு அடித்தால் லைன் பிஸி. பிஸி. கடைசியில் தியேட்டர் சிஸ்டர் எடுத்தார்.

"மயக்கம் குடுத்தாச்சு சார். எம்பத்தஞ்சுக்கு வந்துருச்சு. ரவி டாக்டர் பாட்டுப் பாடிக்கிட்டே செய்யுறாரு." அந்தப் பாட்டு போனில் எனக்கும் கேட்டது.

அழுத்தத்தை உடனே ஏற்றச் சொல்லுங்கள் என்றேன். போனார். வந்தார்.

"'அன்னைக்குச் சாரே எம்பத்தஞ்சுலதான வச்சாரு, இன்னைக்கு என்ன பயம்'னு ரவி டாக்டர் கேக்காரு சார்."

"எம்பத்தஞ்சு இல்லம்மா. நூத்திப் பன்னெண்டு. நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க."

"என்னா சார்? சத்தமாச் சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன். போனை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிற சத்தம்.

ரிசீவரைக் காதில் வைத்தபடியே எழுதுகிறேன். இன்னும் யாரும் எடுக்கவில்லை. பாட்டு நின்றுவிட்டது.